சரீரத்தின் காவலர் சோர்ந்துபோகும்போது

(மார்ச் 24 உலகக் காசநோய் தினத்தையொட்டி, பல்லடத்தில் கூடிய சபை ஆதரவாளர்களிடையே நமது ஆஸ்பத்திரி ஊழியர் சார்பில் கொடுக்கப்பட்ட செய்தி)



விசைத்தறி ஓட்டுகிறவர்களும், பனியன் கம்பெனியில் தைக்கிறவர்களும், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்களும், பள்ளி ஆசிரியர்களுமாக இத்தனை பேர் ஒரு வேலைநாளின் மாலையில் வந்து கூடியிருக்கிறீர்கள். உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

உங்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "டி.பி. மாத்திரையை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. பரிசோதனையும் இலவசம். 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டார்கள். 2024 நவம்பரில் அதை 1000 ஆக உயர்த்தியும் விட்டார்கள். அப்படியிருக்க, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் காசநோய் ஊழியம் என்று தனியாக ஏன் காணிக்கை?" என்பதே அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியுங்கூட. இதற்கு எங்கள் பதில் சுருக்கமானது: மாத்திரை கிருமியைக் கொல்லும், ஆனால் சோர்ந்து விழுந்த சரீரத்தின் காவலரை அது மட்டும் எழுப்பி நிறுத்தாது. இந்த ஒன்றை விளக்குவதற்காகவே இந்தச் செய்தி.

கிருமியும் காவலரும்

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் டாக்டர், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் இந்த நாளைக் காசநோய் தினமாக ஆசரிக்கிறோம். அதே 1882-ம் ஆண்டின் இறுதியில் இத்தாலியிலுள்ள மெஸ்ஸினா நகரில் எலீ மெச்னிகோவ் என்னும் ரஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் குஞ்சில் ஒரு முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார். சில அணுக்கள் நகர்ந்து வந்து அந்த முள்ளைச் சூழ்ந்துகொண்டன. சரீரத்துக்குள் அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஒரே ஆண்டில் சத்துருவும் தெரிந்தான், காவலனும் தெரிந்தான்.

நோயுள்ள ஒருவர் இருமும்போது நுண்ணிய துளிகளில் கிருமிகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றை நாம் சுவாசித்தால் நுரையீரலின் காற்றறைவரை போய்ச் சேர்கின்றன. அங்கே வாசலில் நிற்பவை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் அணுக்கள். சாதாரணக் கிருமியானால் அதை விழுங்கி, உள்ளே அமிலப் பையோடு சேர்த்து அழித்துவிடும். காசநோய்க் கிருமியோ அந்த அமிலப் பை தன்னோடு சேராதபடி தடுத்துவிடுகிறது. கொல்ல வந்த அணுவையே வீடாக்கிக்கொண்டு அதற்குள் குடியிருக்கிறது. அதற்கு அவசரமும் இல்லை. மற்றக் கிருமிகள் அரைமணி நேரத்தில் இரண்டாகப் பெருகும்போது, இது இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது.

இந்த நிலையில் உதவிக்கு வரவேண்டியவை டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள். நமது ஊர்ப் பழக்கத்தில் சொல்வதானால், விழுங்கும் அணுக்கள் தறி ஓட்டுகிற ஆட்கள் என்றால் டி அணுக்கள் மேஸ்திரிமார். இவை நிணநீர்க் கட்டிகளில் கிருமியின் அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பெருகி, நுரையீரலுக்குப் போய் இண்டர்ஃபெரான் காமா என்னும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. "உன் வயிற்றுக்குள் சத்துரு இருக்கிறான், கொல்" என்று விழுங்கும் அணுவுக்குக் கொடுக்கப்படும் உத்தரவு அது. உத்தரவு வந்தபின்தான் மேக்ரோபேஜ் முழு பலத்தோடு எழும்பும். கொல்ல முடியாத கிருமிகளைச் சுற்றி அணுக்கள் ஒன்றுகூடி மதில்போல அடைத்துவிடும். அந்தச் சிறு முடிச்சுக்கு டியூபர்க்கிள் என்று பெயர். நோயின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

2019 முதல் 2021 வரை நமது தேசத்தில் நடத்தப்பட்ட பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 31 பேர் சரீரத்தில் இந்தக் கிருமி நுழைந்ததற்கான அடையாளம் இருந்தது. இந்த அறையில் இருக்கிற நம்மில் பலருக்கும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். கிருமி நுழைந்த 100 பேரில் 5 முதல் 10 பேர்வரைதான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களை மதிலும் காவலரும் காத்துக்கொள்கிறார்கள். ஆகவே காசநோயைப் பற்றிக் கேட்கும்போது, கிருமி எங்கிருந்து வந்தது என்பதோடு, காவலர் ஏன் தூங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

காவலர் ஏன் சோர்கிறார்கள்?

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்றரை ஷிப்டு என்றால் தெரியும். ஆர்டர் நெருக்கடியில் ஒரு வாரம் ஒன்றரை ஷிப்டு பார்க்கலாம். ஆறு மாதம் ஓய்வில்லாமல் பார்த்தால் கை தானாகவே நின்றுவிடும். டி அணுக்களுக்கும் அதுவே நேரிடுகிறது. கிருமியின் அடையாளம் நாள்தோறும், மாதந்தோறும் கண்முன் இருந்துகொண்டே இருக்கும்போது, அவை முதலில் கொடுத்த உத்தரவைப்போல இப்போது கொடுப்பதில்லை. இண்டர்ஃபெரான் காமா சுரப்பது குறைகிறது. பெருகும் சக்தியும் குறைகிறது. "போதும், அடங்கு" என்று சொல்லுகிற வேறு சுரப்புகள் கூடுகின்றன. சரீரம் தன் சொந்தத் திசுக்களைக் காப்பாற்ற வைத்திருக்கும் பிரேக் அது. ஆனால் கிருமிக்கு அது வசதியாகிவிடுகிறது. நோய் முற்றிய பலருக்கு இரத்தத்தில் டி அணுக்களின் எண்ணிக்கையே குறைந்துபோகிறது. தகுந்த சிகிச்சை கிடைத்தபின் அது மெதுவாகத் திரும்பவும் கூடுகிறது.

இன்னொரு வருத்தமான காரியமும் உண்டு. போரிடும் அணுக்கள் சுரக்கிற சில பொருள்கள் நோயாளியின் பசியை அடக்கி, தசையையும் கொழுப்பையும் கரைக்கின்றன. நம் முன்னோர் இந்த நோயை எலும்புருக்கி என்றார்கள். தமிழ் வேதாகமத்தில் ஈளை என்ற சொல்லை வாசிக்கிறோம். எவ்வளவு சரியாகப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! நோயினால் பசி குறைகிறது. சாப்பாடு குறைவதால் சரீரம் மெலிகிறது. சரீரம் மெலிந்தால் புதிய டி அணுக்களை உண்டாக்கப் புரதமும் சக்தியும் இல்லை. காவலர் குறைந்தால் நோய் பெருகுகிறது. இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர்களைத்தான் நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

ஊசி ஒன்றும் காட்டவில்லை

பல்லடத்துக்குப் பக்கத்து ஊரில் விசைத்தறி ஓட்டும் ஒரு சகோதரர். பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். மனைவி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. இரண்டு பிள்ளைகள். அவருக்கு மூன்று மாதமாக இருமல். பஞ்சுத் தூசியினால் என்று நினைத்தார். தறிக்கூடத்தில் எல்லாருமே இருமுகிறார்கள் அல்லவா? பிறகு எடை குறையத் தொடங்கியதும் வேறு ஓர் இடத்தில் காட்டினார். அங்கே முன்கையில் மாண்டூ ஊசி போட்டு, மூன்றாம் நாள் பார்த்து, "தடிப்பு ஒன்றும் இல்லை, உனக்கு டி.பி. கிடையாது" என்று டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது அவர் எடை 36 கிலோ. சளிப் பரிசோதனையில் கிருமி நிறைய இருந்தது.

பிரியமானவர்களே, அந்த ஊசி பொய் சொல்லவில்லை. அதற்கு அது கேட்கத் தெரியாத கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான். மாண்டூ ஊசி கிருமியைத் தேடுகிற சோதனை அல்ல. தோலுக்குள் கிருமியின் புரதத்தைச் சிறிது செலுத்தினால், அதை முன்பே அறிந்த டி அணுக்கள் அங்கே ஓடிவந்து கூடுகின்றன. அதனால் தடிப்பு எழும்புகிறது. காவலர் விழித்திருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்க்கும் சோதனை அது. நோய் முற்றி, மெலிந்து, காவலர் சோர்ந்துபோன ஒருவருக்குத் தடிப்பு எழும்பாமலே போகலாம். தடிப்பு எழும்பினாலும் அது நோய் என்று பொருள் அல்ல, கிருமி எப்போதோ நுழைந்தது என்றுதான் பொருள். ஆகவே உங்கள் வீட்டிலோ வேலைத்தலத்திலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் என்று யாருக்காவது இருந்தால், ஊசியோடு திருப்தியடையாமல் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்யச் சொல்லுங்கள். இவை அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

அந்தச் சகோதரர் வார்டில் மூன்று வாரம் இருந்தார். முதல் பத்து நாள் அவரால் எழுந்து நிற்கக் கூடவில்லை. அவர் பிழைத்தார். ஆறு மாதச் சிகிச்சை முடிந்தபோது எடை 49 கிலோ. இன்று மறுபடியும் தறி ஓட்டுகிறார்.

ஆனால் அதே மாதத்தில் எங்களிடம் வந்த வடமாநிலத்து வாலிபன் ஒருவன் பிழைக்கவில்லை. அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி வேலை செய்தவன். நண்பர்கள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கும் அதே மாத்திரைதான், அதே அளவுதான். ஒன்பதாம் நாள் மரித்தான். அவன் தகப்பனாருக்குப் போனில் சொல்ல, அவர் பாஷை தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. மாத்திரை அவனுக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டுதான் இருந்தது. அதற்குத் துணைநிற்க அவன் சரீரத்தில் பலம் மீந்திருக்கவில்லை.

ஆரோக்கியவரத்திலிருந்து சேத்துப்பட்டு வரை

மாத்திரை இல்லாத காலத்தில் நமது முன்னோடிகள் என்ன செய்தார்கள்? அன்றைய சென்னை ராஜதானியில் மதனப்பள்ளிக்கு அருகே பல மிஷன்கள் ஒன்றுகூடி ஒரு காசநோய் சானடோரியத்தை 1915-ல் திறந்தன. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலரும், அவருக்குப்பின் டாக்டர் பி. வி. பெஞ்சமினும் அதை நடத்தினார்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை ஆரம்பித்தார். நமக்கு அருகே பெருந்துறையிலும் ஒன்று இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சுத்தமான காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. அவர்களிடம் இருந்த மருந்தெல்லாம் இவ்வளவே. கிருமியை நேரடியாகக் கொல்ல வழியில்லாததால், காவலரையாவது பலப்படுத்தப் பார்த்தார்கள். சிலர் சுகமானார்கள். அநேகர் சுகமாகவில்லை.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோநியாசிடும் வந்தன. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுவே. அங்கே ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். ஏழை நோயாளிகள் சுமார் 190 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தார்கள். மறு பகுதியாரை அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே, அவர்களுடைய குறைந்த சாப்பாட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானபோது உலகமே ஆச்சரியப்பட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமானார்கள். அதற்குப்பின் உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன.

இந்த உண்மையை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் கூழ் குடிக்கிறவருக்கும் நோய் குணமாகும். "முட்டை வாங்க வசதியில்லை, ஆகவே மாத்திரை சாப்பிட்டுப் பிரயோஜனமில்லை" என்று யாரும் நினைக்கக் கூடாது. உணவு மாத்திரைக்குப் பதில் அல்ல. அப்படியானால் உணவுப் பைக்காக உங்களிடம் ஏன் கேட்கிறோம்? அந்த ஆய்வு சொல்லாத இரண்டு காரியங்கள் உண்டு. மிகவும் மெலிந்து வருகிறவர்கள் முதல் சில வாரங்களைத் தாண்டுவார்களா என்பது ஒன்று. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் மனைவி பிள்ளைகளை நோய் பிடிக்காமல் காப்பது எப்படி என்பது மற்றது.

ஜார்க்கண்ட் சொன்ன சாட்சி

நமது தறிக்கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர், சென்னை நிறுவனத்தோடும் சேர்ந்து இதை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாத்திரையோடு உணவுப் பை கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியாருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் மாதாமாதம் கொடுத்தார்கள்.

2023-ல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 100-க்கு 5 பங்கு கூடியவர்களுக்கு மரண ஆபத்து பாதிக்கும் கீழாக இருந்தது.

இது ஏன் என்பதற்கும் சென்னையிலேயே ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள், கிருமி உள்ளே உறங்குகிறவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். எடை மிகக் குறைந்தவர்களின் டி அணுக்கள், சரியான எடையுள்ளவர்களின் டி அணுக்களைப்போல இண்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கவில்லை. அதாவது நோய் வருமுன்னமே அந்தக் காவலர் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். பசியே அவர்களைத் தூங்கவைத்தது.

நமது பட்டணத்தில் காவலரைக் கெடுப்பவை

பசி மட்டுமல்ல. சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாதவருக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் பகுதியில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்கிறவர்கள் சுவாசிக்கும் கல்தூசி, வாசலில் நிற்கும் விழுங்கும் அணுக்களையே கொன்றுபோடுகிறது. பீடியும் மதுவும் அவற்றைப் பலவீனப்படுத்துகின்றன. கொக்கிப் புழு போன்ற குடற்புழுக்கள் டி அணுக்களின் பதிலை அடக்கிவைக்கின்றன. இதுவும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியில் தெரிந்ததே. எல்லாவற்றிலும் கொடியது எச்.ஐ.வி. அது டி அணுக்களையே தேடி அழிக்கிறது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் முதன்முதலாக அதை அடையாளம் கண்டது. பின்னாட்களில் தாம்பரம் சானடோரியத்தின் படுக்கைகள் எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து பிடித்தவர்களால் நிறைந்தன. ஆகவேதான் எங்களிடம் வரும் காசநோயாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம்.

"பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கிறோமே" என்று தாய்மார் கேட்பார்கள். அது நல்ல ஊசி. குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது. தவறாமல் போடுங்கள். ஆனால் 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுப்பதாகக் காணப்படவில்லை. சிறு வயதில் போட்ட ஊசியை நம்பிப் பெரிய வயதின் இருமலை அசட்டை செய்யக் கூடாது.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம்.

முதலாவது, படுக்கை. எடை மிகக் குறைந்தவர்கள், மூச்சு வேகமாக வாங்குகிறவர்கள், தாங்கிப் பிடிக்காமல் நிற்கக்கூடாதவர்கள் ஆகியோரை முதல் நாளிலேயே கண்டுபிடித்து அட்மிட் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரலில் தமிழக அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. தராசும், உயரம் பார்க்கும் அளவுகோலும், ஆக்சிஜன் பார்க்கும் சிறு கருவியும் போதும். பெரிய இயந்திரம் வேண்டாம். அதே முறையை நாங்களும் பின்பற்றுகிறோம். அப்படி வருகிறவர்களுக்கு ஆக்சிஜன், சத்துக் கஞ்சி, இரவும் பகலும் நர்ஸ் பராமரிப்பு எல்லாம் உங்கள் காணிக்கையால் நடக்கின்றன.

இரண்டாவது, உணவுப் பை. நோயாளிக்கு மட்டும் முட்டை கொடுத்தால் என்ன நடக்கிறது தெரியுமா? தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். தகப்பனும் அப்படியே. எந்தத் தாயைக் குறைசொல்ல முடியும்? ஆகவே நாங்கள் பையை நோயாளிக்கென்று கொடுப்பதில்லை, வீட்டுக்கென்று கொடுக்கிறோம். துவரம்பருப்பு, நிலக்கடலை, ராகி மாவு, எண்ணெய், முட்டை. ரேஷன் அரிசி பல வீடுகளில் உண்டு. குறைவது பருப்பும் முட்டையுந்தான். வெளிமாநிலக் குடும்பங்களில் பலருக்கு அரிசியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசு தரும் 1000 ரூபாய் நல்ல உதவி. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் வேலைக்குப் போக முடியாத ஒரு தறிக்காரரின் வீட்டில் அது வாடகைக்கும் வாங்கிய முன்பணத்துக்குமே போய்விடுகிறது.

மூன்றாவது, ஆறு மாதம் கூடநடப்பது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று பசியெடுக்கும். "எனக்குச் சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அப்போதுதான் நிறுத்துகிறார்கள். மீந்திருக்கும் கிருமிகள் மெதுவாகப் பெருகுகிறவை; காவலரும் இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை. அங்கே நிறுத்தினால் நோய் திரும்பவும் வரும். மருந்துக்கு அடங்காததாகவும் வரலாம். எங்கள் சுகாதார ஊழியர்கள் மொபெட்டில் லைன் வீடுகளுக்குப் போய், ஷிப்டு முடிகிற நேரத்தில் காத்திருந்து பார்க்கிறார்கள். ஊருக்கு ரயிலேறுகிறவருக்கு அவரது ஊர் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, போய்ச் சேர்ந்தாரா என்று போனில் விசாரிக்கிறார்கள்.

பணம் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. தறிக்கூடமோ கம்பெனியோ நடத்துகிறவர்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்; காற்றோட்டமுள்ள இடத்தில் கிருமி தங்காது. உங்கள் ஆள் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் வேலையைவிட்டு நீக்காதேயுங்கள். சரியான மாத்திரை தொடங்கியபின் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும். முன்பு சொன்ன சகோதரரின் மனைவி, தன் கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று எங்களிடம் கெஞ்சினாள். நோயைவிட வேலை போய்விடும் என்ற பயமே அவளை வாட்டியது. முன்சொன்ன தேசியக் கணக்கெடுப்பிலும், இருமல் போன்ற அறிகுறி இருந்தவர்களில் 100-க்கு 60-க்கும் மேற்பட்டோர் எங்கும் போய்க் காட்டவே இல்லை என்று தெரிந்தது. அவர்களை வாய்திறக்கவிடாமல் வைத்திருப்பதில் நமது பேச்சுக்கும் பங்கு உண்டு. தனியாக ஒரு நோயாளியின் குடும்பத்தைத் தாங்க விரும்பும் சபைகள், 2022-ல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா என்னும் அரசுத் திட்டத்திலும் பதிந்துகொள்ளலாம்.

பிரியமானவர்களே, 2023-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இந்த நோயினால் மரித்தார்கள். புதிதாக நோயுற்றவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நமது தேசத்தார். 70 வருஷத்துக்கு முன்பே மருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வியாதி இது என்பதை மனதில் வைத்து இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

யோசுவா பள்ளத்தாக்கில் அமலேக்கியரோடு யுத்தம் செய்தபோது, மோசே மலையின்மேல் கைகளை ஏறெடுத்து நின்ற சரித்திரம் உங்களுக்குத் தெரியும். கை தாழ்ந்தபோதெல்லாம் கீழே இருந்த சேனை பின்வாங்கியது. ஆரோனும் ஊரும் மோசேக்குப் பதிலாக ஜெபிக்கவில்லை, யோசுவாவுக்குப் பதிலாகப் பட்டயம் பிடிக்கவுமில்லை. சோர்ந்த கைகளைச் சூரியன் அஸ்தமிக்குமட்டும் தாங்கினார்கள், அவ்வளவே. இந்த ஊழியத்தில் பட்டயம் மாத்திரைதான். அதை அரசாங்கம் தருகிறது. தாழ்ந்துபோகிற கைகளை ஆறு மாதம் தாங்குவது நம்முடைய பங்கு.

ஜெபிக்க வேண்டியவை: தற்போது வார்டில் இருக்கும் மிகவும் மெலிந்த நோயாளிகள் முதல் வாரங்களைத் தாண்டும்படியாக, மாத்திரையைப் பாதியில் நிறுத்தி ஊருக்குப் போன வாலிபர்கள் சிகிச்சைக்குத் திரும்பும்படியாக, வெயிலிலும் மழையிலும் வீடுவீடாகப் போகும் சுகாதார ஊழியர்களுக்காக, மகனை இழந்த அந்தத் தகப்பனாருடைய ஆறுதலுக்காக.

கர்த்தர் உங்களையும், உங்கள் குடும்பங்களையும், கையின் பிரயாசங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.